யார்க்ஷயரின் ஒற்றைச் செடி: லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் மீண்டு வந்த வழி

1917ஆம் ஆண்டோடு பிரிட்டனில் அழிந்துபோனதாகக் கருதப்பட்ட ஓர் ஆர்க்கிட், 1930இல் யார்க்ஷயர் டேல்ஸ் பகுதியில் மறுபடி கண்ணில் பட்டது. ஒரே ஒரு செடி. அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், அந்த நாட்டில் இயற்கையாக நின்ற லேடீஸ் ஸ்லிப்பர் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒன்றுதான் இருந்தது. இன்று அதன் வாரிசுகள் வடக்கு இங்கிலாந்தில் பல இடங்களில் நட்டு வளர்க்கப்பட்டுப் பூக்கின்றன. அப்படி நட்ட இடம் ஒன்றில், யாரும் விதைக்காமல் தானே முளைத்த கன்று கிடைத்திருப்பதாக 2025இல் அறிவிப்பும் வந்துவிட்டது.

இந்த மீட்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் காவலைத்தான் முதலில் சொல்வார்கள். இடத்தை மறைத்தது, பூக்கும் பருவத்தில் ஆள் போட்டுக் காத்தது, போலீஸ் ரோந்து வந்தது என்று அந்தப் பகுதி கேட்கவும் சுவையாக இருக்கும். ஆனால் காவலால் நடந்தது ஒன்றுதான்: இருந்த செடி சாகவில்லை. இனம் பெருகத் தொடங்கியது, அதன் விதையை முளைக்க வைக்கவும், கன்றை மண்ணுக்குப் பழக்கவும், எவ்வளவு வெளிச்சத்தில் எந்தச் சரிவில் நடுவது என்று கண்டுகொள்ளவும் சிலர் ஆண்டுக்கணக்கில் மெனக்கெட்ட பிறகு. நம் அகத்தியமலையில் இதே கிளைக் குடும்பத்துச் செடி ஒன்று ஏறக்குறைய இதே நிலையில் நிற்கிறது. ஆகவே யார்க்ஷயரில் நடந்ததை விவரமாகப் பார்க்க வேண்டிய தேவை நமக்கு இருக்கிறது.

செடியும் பூவும்

ஆர்க்கிட் என்றதும் நமக்கு மரக்கிளையில் வேர் தொங்க வளரும் செடியோ, கல்யாண மேடையில் செருகிய ஊதா நிற டென்ட்ரோபியமோ நினைவுக்கு வரும். லேடீஸ் ஸ்லிப்பர் தரையில் வளர்வது. தாவரவியல் பெயர் சிப்ரிபீடியம் கால்சியோலஸ். 1753இல் லின்னேயஸ் வைத்தது. ஐரோப்பாவிலிருந்து ரஷ்யாவின் கிழக்கு வரை பரவிய செடி. சுவீடனிலும் எஸ்தோனியாவிலும் இன்றும் கூட்டமாகப் பூக்கிறது. பிரிட்டன் அந்தப் பரப்பின் மேற்கு ஓரம். அங்கே வடக்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை நிலத்தில், ஆஷ் மரமும் ஹேசல் புதரும் கலந்த, வெயில் உள்ளே இறங்கும் காட்டோரங்களில் அது இருந்து வந்தது.

குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே நகரும் கிழங்குத்தண்டும், அதன் முனையில் அடுத்த ஆண்டுக்கான மொட்டும் உறங்கிக் கிடக்கும். வசந்தத்தில் மொட்டு கிளம்பி, நீளவாக்கில் மடிப்பு விழுந்த மூன்று நான்கு இலைகளோடு முழங்கால் உயரத்துக்கு எழும். மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் தண்டின் நுனியில் ஒரு பூ. சில தண்டுகளில் இரண்டு. மேலொன்று, கீழொன்று, பக்கத்துக்கு ஒன்று என நான்கு ஒடுங்கிய அரக்குப் பழுப்பு இதழ்கள். பக்கத்து இரண்டும் முறுக்கிக்கொண்டிருக்கும். நடுவே மூன்று சென்டிமீட்டர் அளவில் ஊதிப் பெருத்த மஞ்சள் பை.

அந்தப் பைக்குள் குனிந்து பார்க்க வேண்டும். வாயின் விளிம்பு உட்புறமாகச் சுருண்டிருக்கும், உட்சுவர் வழவழப்பு. உள்ளே சிவப்புப் புள்ளிகள், அடியில் மெல்லிய மயிர்கள், பின்பக்கச் சுவரில் வெளிச்சம் கசியும் கண்ணாடி போன்ற திட்டுகள். மண்ணில் வளை தோண்டி வாழும் ஆன்ட்ரீனா என்ற சிறு தேனீ வகை வாசனையை நம்பி வந்து விளிம்பில் உட்கார்ந்து வழுக்கி உள்ளே விழுகிறது. குடிக்கத் தேன் துளியும் கிடையாது. வந்த வழியே ஏற முடிவதில்லை. முட்டி மோதிவிட்டு, வெளிச்சம் தெரியும் பின்புறத்துக்கு நகர்ந்து, மயிர்களைப் பற்றி ஏறுகிறது. அங்கே பையின் அடிவாரத்தில் இடுக்கு வழிகள் இரண்டு. அந்த ஏற்றத்தில் முதலில் முதுகு உரசுவது சூலகமுடியில். அதைத் தாண்டி வெளியே பிதுங்கும்போதுதான் மகரந்தப்பையிலிருந்து மகரந்தம் முதுகில் பசையாக அப்புகிறது. வரிசை இப்படி இருப்பதால், ஒரு பூவில் ஏற்றிக்கொண்ட மகரந்தம் அதே பூவில் இறங்காது. அடுத்த பூவில் மறுபடி ஏமாந்து விழுந்தால்தான் போய்ச் சேரும். தேனீ பெரிதாக இருந்தால் இடுக்கில் சிக்கிச் செத்துவிடும். மிகச் சிறிதாக இருந்தால் எதையும் உரசாமல் போய்விடும். மற்ற ஆர்க்கிட்களில் பெரும்பாலானவற்றுக்கு வளமான மகரந்தப்பை ஒன்றே. இந்தக் கிளைக் குடும்பத்துக்கு இடுக்குக்கு ஒன்றாக இரண்டு.

இந்தப் பொறியமைப்பைத் தெரிந்துகொண்டால் யார்க்ஷயர் செடியின் சிக்கல் உடனே விளங்கும். ஏமாந்த தேனீ இன்னொரு முறை ஏமாற, பக்கத்தில் இன்னும் பூக்கள் வேண்டும். ஒற்றைச் செடிக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. கூட்டமாகப் பூக்கும் இடங்களிலேயே பத்தில் ஒன்றுபோலத்தான் காய் பிடிக்கும் பூ இது.

பிடுங்கித் தீர்த்தது

பிரிட்டனில் இந்தச் செடியைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று லண்டன் தோட்டக்கலைஞர் ஜான் பார்க்கின்சன் 1629இல் அச்சிட்டது. இங்கிள்பரோ மலைக்கு மூன்று மைல் தள்ளி, ஹெல்க்ஸ் என்ற காட்டில் இது வளர்வதாக எழுதுகிறார். அவருக்கு எப்படித் தெரியும்? ஹார்ன்பி கோட்டைக்கு அருகே வாழ்ந்த தாமசின் டன்ஸ்டால் என்ற பெண்மணி வேரோடு தோண்டி லண்டனுக்குப் பலமுறை அனுப்பியிருக்கிறார். அவை பார்க்கின்சன் தோட்டத்தில் அழகாகப் பூத்தனவாம். டன்ஸ்டால் செடிகளை உயிராய் நேசித்தவர் என்று அதே பக்கத்தில் பாராட்டும் இருக்கிறது. அந்த நேசத்தில் பொய் இல்லை. அன்றைக்குக் காட்டில் செடி நிறைய இருந்தது; வேரை அனுப்புவது பூக்கொத்து அனுப்புவது போன்ற சாதாரணக் காரியம்.

அடுத்த இரண்டரை நூற்றாண்டு அந்தச் சாதாரணக் காரியம் தொடர்ந்தது. செட்டில் ஊர்ச் சந்தையில் இந்தப் பூ கொத்துக் கொத்தாக விற்றது. தோட்டக்காரர்கள் கிழங்கோடு வாங்கினார்கள், தாவரவியல் சேகரிப்பாளர்கள் உலர்த்தித் தாளில் ஒட்டினார்கள். செடி அரிதாக அரிதாக விலை ஏறியது, விலை ஏற ஏறத் தேடுகிற ஆளும் கூடினார். ஆடு மேய்ச்சலும் நிலமாற்றமும் மிச்சத்தைக் குறைத்தன. ஹேசல் புதரை அவ்வப்போது அடியோடு வெட்டித் தழைக்கவிடும் பழக்கம் நின்றபோது, காட்டோரங்கள் இருண்டு பூப்பதும் குறைந்தது. ஆனாலும் இந்தச் செடியைப் பொறுத்தவரை முதல் குற்றவாளி மண்வெட்டிதான் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்பதற்கு விடை விதையில் இருக்கிறது. ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள். தூசி போல. உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணில் விழுந்தபின் குறிப்பிட்ட வகைப் பூஞ்சை அதற்குள் நுழைந்து உணவூட்டினால்தான் முளைக்கும். முளைத்தாலும் முதல் சில ஆண்டுகள் பச்சை இலை இல்லாமல் மண்ணுக்கடியிலேயே உருண்டைத் திசுவாக, பிறகு சிறு வேராகக் கிடக்கும். இலை விட்டுப் பூக்கும் அளவுக்குத் தேறப் பத்தாண்டுகள் ஆகலாம். அப்படித் தேறிய தூர் பல பத்தாண்டுகள் வாழும். இப்படி நிதானமாகச் சேர்கிற செடியில் ஒரு தூரைத் தோண்டினால், போனது அந்த ஆண்டின் பூ மட்டுமல்ல. இனி ஐம்பது ஆண்டுகள் வரவேண்டிய காய்களும் சேர்ந்து போகின்றன.

காவல் காலம்

1930இல் கண்ட செடியின் இடம் மிகச் சிலருக்கு மட்டும் தெரிந்திருந்தது. பூக்கும் பருவத்தில் தன்னார்வலர்கள் முறைவைத்து அங்கேயே தங்கிக் காத்தார்கள். பிறகு தாவரவியலாளர்களும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினரும் சேர்ந்த சிப்ரிபீடியம் குழு பொறுப்பேற்றது. காட்டுச் செடிகளுக்காக 1975இல் வந்த சட்டம் தனிப் பாதுகாப்புக் கொடுத்த 21 செடிகளில் இதுவும் ஒன்று. 1981 சட்டம் அதைத் தொடர்ந்தது. 1970களிலிருந்து, தேனீயை நம்பியிராமல் கையாலேயே மகரந்தம் சேர்த்துக் காய் பிடிக்கவும் வைத்தார்கள்.

காய் வந்தது. விதை சுற்றிலும் தூவப்பட்டது. கன்று வரவில்லை. மண்ணில் பூஞ்சை, ஈரம், வெளிச்சம் எல்லாம் ஒன்றாகக் கூடிவரும் அந்த ஓர் அங்குல இடம் எது என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில், தூவிவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதவில்லை. இந்தக் கட்டத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறார்கள் பலரும். காவலில் குறை வைக்காமல், சட்டமும் துணைநிற்க, காயும் பிடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இந்த இனம் அழிவின் விளிம்பில் ஒரே ஒரு செடியாக நின்றது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

குடுவையில் ஒரு தலைமுறை

1983இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில், சர் ராபர்ட் செய்ன்ஸ்பரியின் நன்கொடையில் ஐரோப்பாவின் காட்டு ஆர்க்கிட்களுக்கான தனித் திட்டம் தொடங்கியது. சில தரை ஆர்க்கிட்களுக்குப் பொருத்தமான பூஞ்சையைப் பிரித்தெடுத்து, அதனுடன் சேர்த்தே விதையை முளைக்க வைக்க அங்கே முடிந்தது. லேடீஸ் ஸ்லிப்பர் இதற்கு மசியவில்லை. பூஞ்சை கொடுக்கும் உணவை அகர் கூழில் கலந்து, கிருமியில்லாத குடுவையில் விதைப்பதே அதற்கு வழியானது.

அதிலும் முற்றிய விதை பயன்படவில்லை. காய் முற்றும்போது விதையின் மேலுறை நீர் புகாதபடி கடினப்படுகிறது. முளைப்பைத் தடுக்கும் பொருளும் உள்ளே சேர்கிறது. ஆகவே மகரந்தம் சேர்த்த ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள், காய் பச்சையாக இருக்கும்போதே பறித்து விதைக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் முந்தினால் கரு வளர்ந்திருக்காது, ஒரு வாரம் பிந்தினால் உறை இறுகிவிடும். ஆண்டுக்கு ஓரிரு காய் மட்டுமே தரும் ஒற்றைச் செடியின் பச்சைக் காயை அறுப்பதற்குத் துணிவு வேண்டும். அந்த முடிவுதான் இந்த நிகழ்வின் திருப்பம் என்பது என் கருத்து. தொடக்கூடாத புனிதப் பொருளாக அந்தச் செடியை வைத்திருந்தவர்கள், அதன் அடுத்த தலைமுறைக்காகக் கத்தியை எடுக்கச் சம்மதித்தார்கள்.

இருட்டில் வைத்த குடுவையில் பல மாதம் கழித்து வெள்ளை உருண்டைகள் தெரியும். அவை மெல்ல நீண்டு, பஞ்சு ஒட்டியது போல நுண்மயிர் படர்ந்து, பிறகு தடித்த வெள்ளை வேர் ஒன்றிரண்டை நீட்டும். பச்சை எங்கும் இருக்காது. இந்த நிலையில் அப்படியே வெளிச்சத்தில் வைத்தால் இலை வராது. அந்த வேர்க்கன்றுகளைக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்து, ஒரு குளிர்காலத்தைக் கடக்க வைக்க வேண்டும். அதன்பின் மண்கலவைக்கு மாற்றினால்தான் முதல் இலை எட்டிப்பார்க்கும். சுவீடனில் ஸ்வான்டே மால்ம்கிரென் என்ற மருத்துவர் தன் சொந்த ஆர்வத்தில் இதே காலத்தில் தரை ஆர்க்கிட் விதைப்பில் இறங்கி, நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றும் அமினோ அமிலக் கரைசலையும் அன்னாசிச் சாற்றையும் கூழில் சேர்த்து நல்ல பலன் கண்டார். இந்தத் துறையில் தொழில்முறை ஆய்வாளரும் வீட்டில் வளர்ப்பவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் மரபு வளம். ஒரே செடியின் மகரந்தத்தை அதற்கே கொடுத்துக்கொண்டிருந்தால் சந்ததி நலியும். இங்கே எதிர்பாராத உதவி பழைய தோட்டங்களிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அதே வட்டாரக் காட்டிலிருந்து தோண்டிப் போனவை என்று நம்பத்தக்க செடிகள் சில வீட்டுத் தோட்டங்களில் உயிரோடு இருந்தன. அவற்றோடு கலப்பு செய்து விதை எடுத்தார்கள். காட்டைக் காலி செய்த அதே பழக்கத்தின் எச்சத்திலிருந்து காட்டுக்குத் தேவையானது கிடைத்தது.

மீண்டும் மண்ணில்

1989இல் முதல் கன்றுகள் வெளியே நடப்பட்டன. 2000இல் அவற்றில் ஒன்று பூத்தது. பதினோரு ஆண்டு இடைவெளி. நடுவே பல கன்றுகள் போயின. ஓடில்லா நத்தைகள் குருத்தைத் தின்றன, வறண்ட வசந்தம் சிலவற்றை வாட்டியது, சிறு கன்றாக நட்டவை குளிர்காலத்துக்குப் பின் எழவேயில்லை. நாற்றங்காலிலேயே சில ஆண்டுகள் வளர்த்து, வேர் திரண்ட கன்றாக நட்டால் பிழைக்கிற விகிதம் கூடுகிறது என்பது இப்படி இழந்துதான் தெரிந்தது. நட்ட இடத்தில் மர நிழலைக் கழித்து வெளிச்சம் விடுவதும், ஆடும் முயலும் வராமல் வேலி போடுவதும், முதல் சில ஆண்டுகள் கோடையில் தண்ணீர் ஊற்றுவதும் வேலையின் பகுதியாயின.

இடம் தேர்வதிலும் நிறையக் கவனித்தார்கள். சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது, சுண்ணாம்புப் பாறைமேல் மண் எவ்வளவு கனம், சுற்றிலும் ஆன்ட்ரீனா தேனீ வளை தோண்ட வெறும் மண் திட்டு இருக்கிறதா, லேடீஸ் ஸ்லிப்பர் பூக்கும் வாரத்தில் அந்தத் தேனீக்கு உண்மையில் உணவு தரும் வேறு பூக்கள் பக்கத்தில் உண்டா என்று. ஏமாற்றும் பூவுக்கு அக்கம்பக்கத்தில் ஏமாற்றாத பூக்கள் வேண்டும். இல்லாவிட்டால் தேனீயே அங்கு வராது. 2025இல் சொல்லப்பட்ட அந்தத் தானாக முளைத்த கன்று இதனால்தான் பெரிய செய்தி. தேனீ, காய், பூஞ்சை, வெளிச்சம் எல்லாம் மனிதக் கையில்லாமல் ஒரே இடத்தில் கூடிவந்திருக்கின்றன என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

காட்டிவிடுவது

இன்றும் பெரும்பாலான இடங்கள் ரகசியமே. அந்த ஆதிச் செடியின் இடமும் அப்படியே. ஆனால் எல்லாவற்றையும் மூடி வைக்கவில்லை. வார்ஃப்டேல் பள்ளத்தாக்கில் கில்ன்ஸி பார்க் என்ற இடத்திலும், லங்காஷயரின் கெய்ட் பாரோஸ் தேசிய இயற்கைக் காப்பகத்திலும் பொதுமக்கள் போய்ப் பார்க்கும்படி செடிகள் வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு வெறும் சுற்றுலாவுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஆர்க்கிட் பித்துப் பிடித்தவர் எப்படியாவது பார்த்தே தீர்வார். முறையாகப் பார்க்க ஓரிடம் இருந்தால், ரகசிய இடத்தைத் தேடிப் போகிறவர்கள் குறைவார்கள், குருத்துகளை மிதிப்பதும் குறையும். விலை கொடுத்து வாங்க விரும்புகிறவருக்கு நர்சரியில் விதையிலிருந்து வளர்த்த செடி கிடைத்தால், திருட்டுச் செடிக்கு இருக்கும் மதிப்பு இறங்கும்.

முழுவதும் இறங்கிவிடவில்லை என்பதும் உண்மை. சில்வர்டேல் ஊரில் கோல்ஃப் மைதானத்தின் அருகே நின்ற பழைய செடியிலிருந்து 2009இல் யாரோ ஒரு பகுதியை வெட்டி எடுத்துப் போனார்கள். 2010இல் அது பூத்தபோது போலீஸ் ரோந்து போட வேண்டி வந்தது. ஆகவே காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளர்ப்பும் காட்டுவதும் சேராத காவல் எவ்வளவு நாள் ஆனாலும் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து நகர்த்தாது.

கனடாவில் இதே கதை இன்னும் எளிய வடிவில் நடந்திருக்கிறது. ஒண்டாரியோ மாகாணத்தின் லானார்க் பகுதியில் ஜோ பர்டன் என்ற விவசாயி 1930களில் தன் நிலத்துச் சதுப்பில் சிப்ரிபீடியம் ரெஜினே என்ற வெள்ளையும் இளஞ்சிவப்புமான லேடீஸ் ஸ்லிப்பரின் சிறு கூட்டத்தைக் கண்டார். வேலி போட்டு ஒளித்து வைப்பதோடு நிற்காமல், நிழலைக் கழித்து, கையால் மகரந்தம் சேர்த்து, விதை பரப்பி, தன் ஆயுள் முழுவதும் அதைப் பேணினார். இன்று அது பர்டன் பாதுகாப்புப் பகுதி. ஜூன் கடைசியில் பல்லாயிரம் பூக்களை மரப்பலகைப் பாதையில் நடந்தபடி யாரும் பார்க்கலாம். டொராண்டோவிலும் ஒட்டாவாவிலும் இருக்கும் நம்மவர்கள் ஒரு கோடை வார இறுதியை அதற்கு ஒதுக்கலாம். இவ்வளவு காட்டு ஆர்க்கிட்டை ஒரே இடத்தில் பார்ப்பது உலகத்திலேயே அரிது.

வீட்டில் வளர்க்க

குளிர்நாட்டில் தோட்டம் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பகுதி. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சிப்ரிபீடியம் வளராது. ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதமாவது ஐந்து டிகிரிக்குக் கீழே போகும் குளிர்காலம் இல்லாவிட்டால் மொட்டு உறக்கம் கலையாமலேயே அழுகிவிடும்.

முதல் முயற்சிக்குக் கலப்பின வகைகளை எடுங்கள். 'கிசெலா', 'உல்லா சில்கென்ஸ்' போன்றவை காட்டு இனங்களைவிட வீரியமானவை. கொஞ்சம் தவறினாலும் தாங்கும். விற்பவரிடம் ஆய்வகத்தில் விதையிலிருந்து வளர்த்ததா என்று கேட்டே வாங்குங்கள். விலை மிகக் குறைவாக இருந்து, கிழங்கில் காட்டு மண் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள்.

மண் விஷயத்தில்தான் பலரும் செடியை இழக்கிறார்கள். நல்ல உரமண்ணில் செழிப்பாக வரும் என்று நினைத்து மக்கிய உரமும் தென்னைநார்க் கழிவும் நிறையப் போட்டால், குளிர்காலத்தில் ஈரம் தேங்கி வேர் கறுத்துவிடும். பெர்லைட், பியூமிஸ், பருமணல் போன்ற தண்ணீர் நிற்காத பொருளே முக்கால் பங்குக்குமேல் இருக்கட்டும்; மிச்சம் கொஞ்சம் தோட்டமண்ணோ இலைமக்கோ போதும். லேடீஸ் ஸ்லிப்பருக்குச் சுண்ணாம்புக்கல் சில்லு கலப்பது பிடிக்கும். வட அமெரிக்காவின் இளஞ்சிவப்பு வகையான சிப்ரிபீடியம் அகாலேவுக்கு நேர்மாறு, அதற்கு நல்ல அமில மண் வேண்டும். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இலையுதிர்காலத்தில், செடி உறங்கும்போது நடுவது நல்லது. வேர்கள் ஆழமாகப் போகாது. சிலந்திக் கால்போல் பக்கவாட்டில் பரவும். அகலமான ஆழமற்ற குழி எடுத்து, நடுவில் சிறு மேடு வைத்து, அதன்மேல் வேர்களை விரித்து, மொட்டு முனை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்கடியில் இருக்கும்படி மூடுங்கள். காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடம். வளரும் பருவத்தில் மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. உரம் மிக நீர்த்ததாக, வசந்தத்தில் மட்டும். குருத்து வெளிவரும் வாரங்களில் இரவில் டார்ச் அடித்து நத்தை பொறுக்குவதைவிடப் பயனுள்ள வேலை எதுவும் இல்லை; ஒரு குருத்தைக் கடித்துவிட்டால் அந்த ஆண்டு அந்தத் தண்டு மறுபடி வராது. முதல் ஆண்டு பூக்காவிட்டாலும் விட்டுவிடுங்கள். நன்றாக ஊன்றிய தூர் ஆண்டுக்காண்டு தண்டு கூடிக்கொண்டே போகும்.

அகத்தியமலை

நம் பக்கத்துக்கு வருவோம். ஸ்லிப்பர் ஆர்க்கிட்களில் இன்னொரு பேரினம் பாபியோபெடிலம்; ஆசியாவுக்குரியது. இந்தியாவில் அதன் இனங்கள் வடகிழக்கு மலைகளில்தான் இருக்கின்றன, ஒன்றைத் தவிர. பாபியோபெடிலம் ட்ரூரையி அகத்தியமலைத் தொகுதியில் மட்டும் வாழ்வது. தென்னிந்தியாவுக்கு இது ஒன்றுதான். ஹீபர் ட்ரூரி 1865இல் கண்டார், பெடோம் 1874இல் முறையாக விவரித்துப் பெயரிட்டார். மஞ்சள் இதழ்களின் நடுவே அரக்கு நிறக் கோடு ஓடும் பூ. ஆயிரத்து நானூறு மீட்டருக்குமேல், காற்று அடிக்கும் திறந்த சரிவுகளில், பாறை இடுக்கிலும் புல்லுக்கிடையிலும் கிழங்கு ஊர்ந்து வளரும். வெளிநாட்டு நர்சரிகளுக்காக மூட்டை மூட்டையாகப் பிடுங்கிப் போனதில் காட்டிலிருந்து காணாமல்போகும் நிலைக்கு வந்து, இன்று உலக அளவில் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவரப் பட்டியலில் பாபியோபெடிலம் இனங்கள் உண்டு. பன்னாட்டு வணிகத்துக்கு சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலே தடை போடுகிறது. காட்டில் தேடுகிறவர் கையில் ஒரு செடி கிடைப்பதே அரிதாகிவிட்ட அதே ஆண்டுகளில், ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் அது தாராளமாகப் பூத்துக்கொண்டிருந்தது.

கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் இதைத் திசு வளர்ப்பில் பெருக்கி, மலையில் திரும்ப நட்டிருக்கிறார்கள். கியூவில் நடந்ததற்கு ஒப்பான வேலை, அதைவிடக் குறைந்த வசதியில். மலையின் இந்தப் பக்கச் சரிவுகள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் இருக்கின்றன. காவல் என்ற பகுதி அங்கே ஏற்கெனவே உண்டு. யார்க்ஷயர் வழியைப் பார்த்தால் அடுத்து வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன: நட்ட ஒவ்வொரு தூருக்கும் பல ஆண்டுத் தொடர் கணக்கு, எந்தப் பூச்சி உண்மையில் மகரந்தம் சேர்க்கிறது என்ற நேரடிக் கவனிப்பு, ஆண்டுதோறும் எரியும் புல்வெளித் தீயின் பாதிப்பை அளப்பது, கூடவே சட்டப்படி வளர்த்த செடியைக் குன்னூர், ஏற்காடு போன்ற குளிர்ந்த இடத்துப் பூங்கா ஒன்றில் மக்கள் கண்ணெதிரே பூக்க வைப்பது. இந்தக் கடைசிக் காரியத்துக்குப் பெரிய பணமும் தேவையில்லை. திருநெல்வேலிப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் மலையில் மட்டும் வாழும் ஒரு பூவைப் படத்தில்கூடப் பார்க்காமல் வளர்வது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

அதுவரை, ஜனவரி தொடங்கி போனக்காடு வழியாக அனுமதியோடு அகத்தியர்கூடம் ஏறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புல்லுக்கிடையில் மஞ்சள் பை தொங்கும் பூ கண்ணில் பட்டால், பாதையை விட்டு இறங்காமல் படம் எடுங்கள். எடுக்கும் முன் கைப்பேசியின் கேமரா அமைப்பில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். படத்தைப் பொதுவெளியில் போடுவதற்கு முன் பின்னணியில் தெரியும் பாறை முகட்டை வெட்டிவிட்டு, முழுப் படத்தை வனத்துறைக்கோ பாலோடு ஆய்வாளர்களுக்கோ அனுப்புங்கள்.